பற்றறியை மாற்றுவதற்கு முன் வோல்ற்றை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கினால் வன்னிப் பக்கத்துப் பைக் கராஜ்களில் ஒரே கதைதான். செல்ப் எடுக்காத வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள், மெக்கானிக் ஹோனை அமத்திப் பார்ப்பார், அது இருமும், "பற்றறி போட்டுது, புதுசு போடுவம்" என்பார், காசைக் கொடுத்துப் போட்டுக்கொண்டு போவார்கள். மூன்று நாலு மாதத்தில் அதே வண்டி அதே வாசலில் நிற்கும். இந்த முறை பற்றறிக் கம்பனிக்குத் திட்டு விழும், இப்ப வாற சாமான் ஒன்றும் சரியில்லை என்று. சாமானில் பிழை இருக்கவே இருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பற்றறிக்கு மின்சாரம் போய்ச் சேருகிறதா, சேர்ந்தாலும் அளவாகச் சேருகிறதா என்று ஒருவரும் மீற்றர் பிடித்துப் பார்ப்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கராஜ் வைத்திருப்பவன் அல்ல. வீட்டு வயரிங் செய்கிறேன், முன்பு றேடியோ திருத்தினேன். எங்கள் ஊர் ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட. அயலில் யாருடைய வண்டியிலாவது லைற் எரியாவிட்டால் என்னிடம் கொண்டுவந்து விடுவார்கள், அப்படிக் கைவைத்துக் கைவைத்துப் பழகினதுதான்.

எங்கள் வயதுக்காரருக்கு இந்த விடயத்தை விளங்கப்படுத்துவது சுலபம், ஏனென்றால் 1990களில் வன்னியில் கரண்ட் இல்லாமல் இருந்தபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வருகிற மின்சாரத்தில்தான் வானொலிச் செய்தி கேட்டோம். அந்தக் காலத்துப் பெடியளுக்கு இரண்டு சங்கதி நன்றாகத் தெரியும். ஒன்று, டைனமோ வயரை அப்படியே கொண்டுபோய் றேடியோவில் கொழுவினால் பாட்டு வராது, உறுமல்தான் வரும், நாலு டயோட்டையும் ஒரு கொண்டன்சரையும் நடுவில் போட்டால்தான் அது வேலை செய்யும். இரண்டாவது, வேகமாகச் சுற்றினால் பல்ப் பளிச்சென்று எரிந்து ஒரேயடியாகப் போய்விடும். முதலாவதைச் சரிசெய்கிற சாமான்தான் ரெக்டிபையர். இரண்டாவதைச் சரிசெய்வது ரெகுலேற்றர். இப்போது வருகிற பைக்குகளில் இரண்டையும் சேர்த்து, செட்டை வைத்த ஓர் அலுமினியப் பெட்டிக்குள் போட்டுக் கறுப்புப் பிசின் ஊற்றி மூடிவிடுகிறார்கள், அதைத்தான் கராஜில் சிலர் கட்டவுட் என்று சொல்வது. பிசின் ஊற்றினபடியால் உள்ளே திருத்த வழியில்லை. போனால் மாற்றத்தான் வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எஞ்சினின் பக்கத்து மூடியைக் கழற்றினால் கிண்ணம் கவிழ்த்தது போல் ஒரு பாரமான இரும்புச் சக்கரம் தெரியும், அதன் உட்பக்கம் முழுக்கக் காந்தம். எஞ்சின் சுற்ற அதுவும் கூடவே சுற்றும். அதற்குள்ளே அசையாமல் இருப்பது செப்புக் கம்பி சுற்றின கொயில், ஸ்ரேற்றர் என்பார்கள். காந்தத்தின் வடக்கும் தெற்கும் மாறி மாறிக் கொயிலைக் கடந்து போகும்போது அதில் மின்சாரம் பிறக்கிறது, திசையும் மாறி மாறியே வருகிறது. பள்ளிக்கூடத்தில் ஆடலோட்டம் என்று படித்தோமே, அதுதான். பற்றறிக்கோ நேரோட்டம் வேண்டும், ஒரே பக்கமாக ஏறவேண்டும். ஆகவே ஒருவழிக் கதவு போல டயோட்டுகளை வைத்து, வருகிற இரண்டு திசையையும் ஒரே திசையாக்குகிறார்கள். ஒரு டயோட் மட்டும் போட்டால் பாதி அலை வீணாகும், நாலு போட்டால் முழு அலையும் வரும். கொஞ்சம் பெரிய வண்டிகளில் கொயிலே மூன்று கூட்டமாக இருக்கும், மூன்று வயர், பெரும்பாலும் மூன்றும் மஞ்சள், அதற்கு ஆறு டயோட். சாதாரண தரத்து விஞ்ஞானப் புத்தகத்தில் இருவாயி, சீராக்கல் என்று படம் போட்டிருக்கிறதே, அது இதுதான், ஆனால் அதைப் பரீட்சைக்குப் பாடமாக்கி ஏ எடுத்த பிள்ளைக்கே தன் தகப்பனின் பைக்குக்குள் அந்தச் சாமான் இருக்கிறது என்று தெரியாது. அது வேறு கதை.

ரெகுலேற்றர்தான் சுவாரசியமான பகுதி. அதில் கொஞ்சம் நிற்கவேண்டும்.

மூன்று வயர் ஸ்ரேற்றரின் கொனெக்டரைக் கழற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு மஞ்சள் வயருக்கு நடுவில் ஆடலோட்ட வோல்ற்றை அளந்தால் ஐட்லில் 15, 20 என்று காட்டும். நிமிடத்துக்கு 5000 சுற்று வர முறுக்கினால் 50, 60, சில வண்டிகளில் அதற்கும் மேல். ஆனால் பற்றறிக்கு வேண்டியது 14 சொச்சம் மட்டும். மிச்சத்தை என்ன செய்வது? கார் டைனமோ என்றால் சுற்றுகிற காந்தமே மின்காந்தம், அதற்குக் கொடுக்கிற மின்சாரத்தைக் குறைத்தால் உற்பத்தியும் குறைந்துவிடும். பைக்கில் இருப்பது நிரந்தரக் காந்தம். எஞ்சின் ஓடும்வரைக்கும் அது உற்பத்தி செய்துகொண்டே இருக்கும், நிற்பாட்ட முடியாது.

அதற்குப் பெரும்பாலான கம்பனிகள் கண்ட வழி கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். பற்றறி 14.4, 14.5 வோல்ற் அளவைத் தொட்டதும், ரெகுலேற்றருக்குள் இருக்கிற தைரிஸ்ரர் என்கிற சாமான் திறந்து, கொயிலின் முனைகளை நேரே எர்த்துக்கு, அதாவது பற்றறியின் மைனஸோடு சேர்ந்த வண்டி உடம்புக்கு, சோட் பண்ணிவிடுகிறது. ஆம், சோட். அந்த அரை அலை முடிந்து மின்சாரம் பூச்சியத்துக்கு வரும்போது அது தானாக மூடும், அடுத்த அலையில் திரும்பப் பார்க்கும், இன்னும் வோல்ற் கூடவா, திரும்பச் சோட். ஒரு செக்கனுக்குள் நூற்றுக்கணக்கான தடவை இந்த வேலை நடக்கிறது. கொயில் எரிந்து போகாதா என்று கேட்பீர்கள். சுற்று வேகம் கூடும்போது வோல்ற்றும் கூடுகிறது, அதே நேரம் கொயிலின் தூண்டலால் வருகிற தடையும் அதே அளவில் கூடுகிறது. ஆகவே ஓட்டம் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. அந்த அளவுக்குத் தாங்கும்படிதான் கொயிலைச் சுற்றியிருக்கிறார்கள். கணக்குத் தெரிந்த ஆட்கள் யோசித்துச் செய்த வேலை.

ஆனால் சும்மா போகிற அந்த மின்சாரம் சூடாகத்தான் மாறும், கொயிலிலும் சூடு, ரெகுலேற்றரிலும் சூடு. இதிலிருந்து ஒரு விடயம் வருகிறது, இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. இந்தச் சோட் பண்ணுகிற வகை ரெகுலேற்றர் உள்ள வண்டியில் பகலில் லைற்றை நூர்த்து ஓடினால் ரெகுலேற்றருக்கு ஓய்வு கிடைக்காது, அதற்கு வேலை கூடும். லைற் தின்றிருக்கவேண்டிய மின்சாரமும் சேர்த்து அதன் வழியாகத்தான் போகவேண்டும். 35 வாற்று பல்பைக் கழற்றிவிட்டு எல்ஈடி போட்டால் கட்டவுட்டுக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்களே, பற்றறிக்கு நல்லது என்று சொன்னால் சரி, கட்டவுட்டுக்கு அல்ல. அதற்காக எல்ஈடி போடவேண்டாம் என்று சொல்ல வரவில்லை, ரெகுலேற்றருக்குக் காற்றுப் படுகிறதா என்று பாருங்கள் என்கிறேன். இதே வேலையைத் தைரிஸ்ரருக்குப் பதிலாக மொஸ்பெற் என்கிற வேறொரு வகை மின்னணுச் சுவிச்சை வைத்துச் செய்கிற ரெகுலேற்றரும் இருக்கிறது, அதில் சூடு குறைவு. தேவையில்லாத நேரம் கொயிலின் வழியை அப்படியே துண்டித்துவிடுகிற வகையும் இருக்கிறது, அதில் கொயிலும் சூடாகாது. பெரிய பைக்காரர் சிலர் தேடிப் போடுகிறார்கள். எங்கள் ஊர் வண்டிகளில் வருவது பெரும்பாலும் முதலில் சொன்னதுதான்.

செட்டை வைத்திருப்பது அழகுக்கு அல்ல. முத்தையன்கட்டுப் பக்கம் கிரவல் வீதியில் மாரி முழுக்க ஓடின வண்டியின் கட்டவுட்டைப் பார்த்திருக்கிறீர்களா? செட்டை எது சேறு எது என்று தெரியாது. அந்தச் சேறு காய்ந்து ஓடாகிப்போய், பங்குனி சித்திரை வெயிலில் அதற்குள்ளேயே சூடு அடங்கிக் கிடக்கும். வயல் வரம்பால், குளக்கட்டால், முதலாவது இரண்டாவது கியரில் ஊர்ந்து போகிற வண்டிக்குக் காற்றும் படாது. இன்னொரு கூத்தும் நடக்கிறது. பழையது போய் வேறு வண்டியின் கட்டவுட்டைப் போடும்போது ஆணி ஓட்டை பொருந்தாவிட்டால் பிளாஸ்ரிக் ரை கட்டிச் சீற்றுக்கு அடியில் தொங்க விட்டுவிடுகிறார்கள். இரும்புச் சட்டத்தோடு ஒட்டிப் பூட்டுவது சூட்டை இறக்குவதற்கு, பல வண்டிகளில் எர்த் கிடைப்பதும் அதன் வழியாகத்தான். தொங்க விட்டால் இரண்டும் இல்லை.

இனி எர்த்துக்கும் கொனெக்டருக்கும் வருகிறேன், நான் கைவைத்த வண்டிகளில் பெரும்பாலும் பிழை இருந்தது இந்த இரண்டிலும்தான். கட்டவுட் செத்தது குறைவு. போன மாரியில் அயலில் ஒரு தம்பி கொண்டுவந்த வண்டி, புதுப் பற்றறி போட்டு அதுவும் இறங்கிவிட்டது, கட்டவுட்டும் மாற்றியாகிவிட்டது. சீற்றைக் கழற்றி வயர்க் கட்டைப் பிரித்தால், மூன்று மஞ்சள் வயரும் சந்திக்கிற வெள்ளைக் கொனெக்டரின் ஒரு மூலை மண்ணிறமாகி உருகிக் கிடந்தது. பின்னை இழுத்துப் பார்த்தால் கையோடு வந்தது, அதில் பச்சைப் பாசி மாதிரிக் களிம்பு. வயரின் றப்பர் அந்த இடத்தில் விரைத்துப்போய், வளைத்தால் முறிகிறது. தண்ணீர் போய்ப் பித்தளை களிம்பேறுகிறது, களிம்பால் தடை கூடுகிறது, தடையால் சூடு, சூட்டில் பின் தளர்கிறது, தளர்ந்தால் இன்னும் தடை. அப்படியே ஒரு நாள் உருகிவிடும். பழுதான நீளத்தை வெட்டி, வயரை ஈயம் பிடித்து மூட்டி, மேலே சுருங்கும் குழாய் போட்டுக் கொடுத்தேன், அந்த வேலைக்கு ஆன செலவு ஒரு தேத்தண்ணிக் காசு. கழற்றிப் போட்ட பழைய கட்டவுட்டை நான் கேட்டு வாங்கி அளந்து பார்த்தேன், அது நல்ல கட்டவுட்.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் கெதியாக வரும், உப்புக்காற்று.

எர்த் பிழையானால் என்ன ஆகும் என்பதில் கராஜ்காரரே குழம்புகிறார்கள், ஆகவே சொல்லிவிடுகிறேன். ரெகுலேற்றரின் எர்த்துக்கும் பற்றறியின் மைனஸ் முனைக்கும் நடுவில் துருவால் தடை வந்தால், ரெகுலேற்றர் தான் நிற்கிற இடத்தில் வோல்ற் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு முன்னதாகவே நிற்பாட்டிவிடும். பற்றறிக்குப் போவது 13 தான், சில வேளை அதற்கும் குறைய. பற்றறி ஒரு நாளும் நிறையாது. இதுக்கு மறுபக்கமும் இருக்கிறது. சில வண்டிகளில் வோல்ற்றை உணர்வதற்கென்றே ஒரு தனி வயர், திறப்புச் சுவிச்சைத் தாண்டி வருகிறது. அந்த வழியில் தடை வந்தால், உதாரணத்துக்குச் சுவிச் உள்ளே கருகிப்போனால், பற்றறியில் வோல்ற் குறைவு என்று ரெகுலேற்றர் நினைத்து அள்ளிக் கொட்டும். 15க்கு மேல் போகும். பற்றறி கொதிக்கும், கூழ்முட்டை நாற்றம் வரும், பக்கம் வீங்கும், பல்புகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். இரண்டு நோயிலும் கடைசியில் சாவது பற்றறிதான், ஆகவே பழியும் அதற்குத்தான்.

சரி, எப்படிப் பார்ப்பது? சின்ன டிஜிற்றல் மீற்றர் போதும், பற்றறி விலையில் சிறு பங்குதான் அதன் விலை. ஒரு முழு இரவு நிறுத்தி வைத்த வண்டியில், திறப்புப் போடாமல், பற்றறி முனைகளில் வைத்துப் பாருங்கள். 12.6, 12.7 என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய அரைவாசி. 12க்குக் கீழே என்றால் வெறும் பற்றறி, அதை முதலில் வெளியே சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மிச்சம் எதையும் அளக்கலாம், இல்லாவிட்டால் அளவுகள் ஏமாற்றும். பிறகு ஸ்ரார்ட் பண்ணி அதே முனைகளில். ஐட்லில் 13 அளவு காட்டினால் கவலைப்படவேண்டாம், பல வண்டிகள் ஐட்லில் மட்டுமட்டுத்தான். கொஞ்சம் முறுக்கிப் பிடியுங்கள், 3000, 4000 சுற்று. 13.8க்கும் 14.5க்கும் நடுவில் வந்து அங்கேயே நிற்கவேண்டும். இன்னும் முறுக்கினாலும் நிற்கவேண்டும், அதுதான் ரெகுலேற்றர் உயிரோடு இருப்பதற்கு அடையாளம். முறுக்க முறுக்க 15, 16 என்று ஏறினால் ரெகுலேற்றரோ அந்த உணர்வு வயரோ பிழை. முறுக்கினாலும் 12.4 இல் அசையாமல் நின்றால் மின்சாரம் வரவேயில்லை.

வரவில்லை என்றால் உடனே கட்டவுட்டைக் கழற்றவேண்டாம். முதலில் கொனெக்டரைக் கண்ணால் பாருங்கள். பிறகு ஸ்ரேற்றர் வயர்களைக் கழற்றி, நான் மேலே சொன்ன மாதிரி இரண்டிரண்டாக ஆடலோட்டத்தில் அளந்து பாருங்கள், மூன்று சோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டவேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் கொயிலில் பிழை. எஞ்சினை நிற்பாட்டிவிட்டு ஒவ்வொரு மஞ்சள் வயரையும் எஞ்சின் உடம்போடு வைத்து, மீற்றரைத் தடை அளக்கிற ஓம் இடத்தில் போட்டுப் பாருங்கள், அங்கே தொடர்பே இருக்கக்கூடாது, இருந்தால் கொயிலின் மேற்பூச்சு கருகி உடம்பைத் தொடுகிறது. கொயில் சரியென்றால்தான் கட்டவுட்டின் பக்கம் போகவேண்டும். மீற்றரில் டயோட் அடையாளம் போட்ட இடத்தில் வைத்து, மஞ்சள் முனையிலிருந்து சிவப்பு முனைக்கு ஒரு பக்கம் 0.4 தொடக்கம் 0.7 வரை காட்டவேண்டும், மாற்றி வைத்தால் ஒன்றும் காட்டக்கூடாது. எர்த் வயருக்கும் மஞ்சளுக்கும் அதேபோல. இரண்டு பக்கமும் பூச்சியம் காட்டினால் டயோட் சோட், வண்டி நிற்கும்போதே அதன் வழியாகப் பற்றறி கொயிலுக்குள் வடிந்து போகலாம். இரவு நிறுத்தினால் காலையில் வெறுமை என்று சொல்கிற வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று சொல்லவேண்டும், டயோட் நல்லது என்று காட்டிவிட்டால் கட்டவுட் முழுக்க நல்லது என்று ஆகிவிடாது, தைரிஸ்ரர் பகுதியை இந்த மீற்றரால் பிடிக்க முடியாது. அதை ஓடுகிறபோது வருகிற வோல்ற்தான் சொல்லும்.

எர்த்துக்கு ஒரு சோதனை, இதை ஒரு கராஜிலும் செய்ய நான் காணவில்லை. வண்டியை ஓடவிட்டு லைற்றையும் போட்டு, மீற்றரின் ஒரு முனையைக் கட்டவுட்டின் எர்த் வயரில், மற்றதைப் பற்றறியின் மைனஸில் வையுங்கள். 0.2 வோல்ற்றுக்குக் கீழே இருந்தால் நல்லது. அரை வோல்ற் காட்டினால் அந்த வழியில் எங்கேயோ துரு இருக்கிறது, உரஞ்சித் துடைத்து இறுக்குங்கள்.

கராஜில் செய்கிற சோதனை வேறு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றறி வயரை இழுத்துக் கழற்றுவார்கள், வண்டி நிற்காவிட்டால் "சார்ஜ் ஏறுது" என்று தீர்ப்பு. ஆசிரியர் அவர்களே, இதை யாராவது நிற்பாட்டவேண்டும். பற்றறி என்பது வெறும் சேமிப்பு இல்லை, மேடு பள்ளமாக வருகிற வோல்ற்றை உள்வாங்கிச் சமப்படுத்துவதும் அதுதான். அதை ஓட்டத்தில் கழற்றினால் வோல்ற் ஒரு கணம் எங்கே துள்ளும் என்று தெரியாது. பழைய காபரேற்றர் வண்டி சில வேளை தப்பும், பல்ப் போகலாம். இப்போது ஓடுகிற இன்ஜெக்சன் வண்டியில் கொம்பியூற்றர்ப் பெட்டி இருக்கிறது, அது போனால் பற்றறி வாங்கின காசைப் போலப் பல மடங்கு. செல்ப் வேண்டாம், கிக்கர் போதும் என்று பற்றறியையே கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஓடுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

பற்றறியைத் திருப்பிப் பூட்டுவதும் அப்படி. பிளஸ் மைனஸ் மாறினால் ரெக்டிபையரின் எல்லா டயோட்டும் ஒரே நேரத்தில் திறந்து பற்றறியைச் சோட் பண்ணிவிடும். பியூஸ் போனால் தப்பினீர்கள். ஆனால் எங்கள் வண்டிகளில் பியூஸ் இருக்கிற இடத்தில் என்ன இருக்கிறது? செப்புக் கம்பி, சிகரெற் பெட்டி ஈயத்தாள். ஒரு வண்டியில் ஊசியைக் கூடக் கண்டிருக்கிறேன்.

பழைய வண்டிக்காரருக்கும் இரண்டு வரி. இன்றைக்கும் மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் பழைய ஹொண்டா எம்டி 90 ஓடுகிறது, சாலி ஓடுகிறது, மண்ணெண்ணெயில் ஓடித் தப்பின சீடி 200 கூட அங்கங்கே நிற்கிறது. பழைய 6 வோல்ற் சின்ன ஹொண்டாக்கள் பலவற்றில் ரெகுலேற்றரே கிடையாது, ஒரு சின்ன ரெக்டிபையர் மட்டும்தான், கொயிலின் அளவும் பல்பின் அளவும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்துப் போட்டது. அதில் முன் பல்ப் எரிந்து போனால் அந்த மின்சாரம் முழுக்கப் பின் பல்புக்குப் பாய்ந்து அதையும் கொண்டுபோய்விடும். ஆகவே பின் பல்ப் அடிக்கடி போகிறது என்றால் முன் பல்பின் வாற்று சரியா என்று பாருங்கள். பின்னால் வந்த 12 வோல்ற் கிக்கர் வண்டிகளிலும் பலவற்றில் முன் லைற் பற்றறியில் எரிவதில்லை, நேரே கொயிலில் எரிகிறது, அதனால்தான் ஐட்லில் மங்கி, முறுக்கினால் வெளிக்கிறது. அதற்கு எல்ஈடி போட்டுவிட்டு மினுங்குகிறது என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பதில் பிரயோசனமில்லை, அது ஆடலோட்டம், மினுங்கத்தான் செய்யும். பற்றறிக்கு மாற்றி விடலாம் என்பார்கள். அந்தக் கொயில் பற்றறிக்கென்று ஒதுக்குவதே கொஞ்சம்தான், பற்றறியும் 2.5 அம்பியர் மணிப் பொடியன் பற்றறி. மாற்றின கிழமையிலேயே இறங்கிவிடும்.

மேலதிக லைற் பூட்டுகிறவர்களுக்கும் அதே கணக்கு. யானைப் பயம் எனக்கும் தெரியும். நெடுங்கேணிப் பக்கம், ஒட்டுசுட்டான் காட்டு வீதியில் பொழுதுபட்ட பிறகு வருகிறவன் வெளிச்சம் கேட்பான்தான், நடு வீதியில் கறுப்பாக நிற்பது வளைவில் திரும்பும்வரை தெரியாது, அந்த நேரம் பார்த்து லைற் மங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் சின்ன வண்டியின் கொயில் மொத்தமாகத் தருவதே ஏறக்குறைய நூறு வாற்று, அதுவும் நல்ல சுற்றில். அதில் எஞ்சின் எரிபற்றலுக்கு, முன் லைற்றுக்கு, பின் லைற்றுக்கு, பிரேக் லைற்றுக்கு என்று போக மிச்சம்தான் பற்றறிக்கு. அதிலே இரண்டு பெரிய போக்கஸ் லைற்றும் லொறி ஹோனும் பூட்டினால் வரவை விடச் செலவு கூடத்தான் செய்யும். பூட்டுங்கள், ஆனால் எல்லாவற்றையும் எரியவிட்டு, 3000 சுற்றில் 13.5க்குக் கீழே போகிறதா என்று ஒருக்கால் பாருங்கள், போனால் ஒன்றைக் கழற்றுங்கள்.

திறந்த வகைப் பற்றறிக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்துத் தண்ணீர் கேத்தலில் எப்படிப் படிகிறது என்று தெரியும்தானே. காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும், அசிற்றும் வேண்டாம்.

கட்டவுட் உண்மையிலேயே செத்திருந்தால் மாற்றுங்கள், அதில் வாதமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிற்பாட்டி, 2025 பெப்ரவரியில்தான் திரும்ப விட்டார்கள். அந்த ஐந்து வருடமும் எல்லாரும் இருந்த வண்டியைத்தான் இழுத்துப் பறித்து ஓடினோம், இப்போதும் புது வண்டி விலைக்குக் கிட்டப் போக முடியாதவர்கள்தான் கூட. ஆகவே பழைய வண்டிக்குச் சாமான் தேடுவதில் வெட்கமில்லை. பெட்டியில் கம்பனிப் பெயர் இருக்கிறது என்பதற்காக உள்ளே இருப்பது கம்பனிச் சாமான் என்று நம்பவேண்டாம், கையில் எடுத்துப் பாருங்கள், சூட்டை இழுக்கவேண்டிய அலுமினியம் பாரமாக இருக்கவேண்டும், காகிதப் பாரத்தில் இருந்தால் வையுங்கள். வயர் எண்ணிக்கை சரியென்பதால் மட்டும் இன்னொரு வண்டியினுடையதைப் போடவேண்டாம், மூன்று மஞ்சள் வயர்க் கொயிலுக்கும் இரண்டு வயர்க் கொயிலுக்கும் உள்ளே அமைப்பு வேறு. பூட்டினதும், கடை வாசலிலேயே வோல்ற்றை அளந்து பார்த்துவிட்டுத்தான் காசு கொடுங்கள்.

கடைசியாக விற்பனைக் கடைகளுக்கு ஒரு கேள்வி. உத்தரவாத அட்டையோடு மூன்றாம் மாதம் பற்றறியைக் கொண்டுபோனால், அங்கே உடனே மீற்றர் வெளியில் வருகிறது. "உங்கட வண்டியில சார்ஜிங் பிழை, இது எங்கட பொறுப்பில்லை" என்று அளந்து காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். என் அயலவர்களில் சிலருக்கு இது நடந்திருக்கிறது, நான் பக்கத்தில் நின்று பார்த்தும் இருக்கிறேன். அளந்தது சரி, பிழை வண்டியில் என்பதும் சரி. ஆனால் அதே மீற்றர் விற்கிற அன்றைக்கும் அதே லாச்சிக்குள்தானே இருந்தது? பற்றறியைப் பூட்டினதும் வண்டியை ஸ்ரார்ட் பண்ணி, முறுக்கி, வந்த வோல்ற்றைப் பில்லின் மூலையில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுக்கட்டும். 14.2 என்று எழுதியிருந்தால் மூன்றாம் மாதம் கடைக்காரர் வாய் திறக்க முடியாது, 12.5 என்று எழுதியிருந்தால் நாங்கள் திறக்க முடியாது. இரண்டு நிமிட வேலை. கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ எந்தக் கடையாவது இப்படிச் செய்யத் தொடங்கினால் அந்தக் கடையின் பெயரை எழுதி அனுப்புகிறேன், விளம்பரம் என்று நினைக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
ஒட்டுசுட்டான்.